பதினேழாம் குப்பி

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி ஜனவரியிலேயே வந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் தந்ததை ஆபரேஷன் தியேட்டர் பிளெஸ்ஸி சிஸ்டர் என் தலையில் கட்டிவிட்டார். ஐந்து மாதம் மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று திறந்ததற்குக் காரணம், ஆய்வகப் பதிவேட்டில் 'எனக்கு' என்று எழுத இடம் கிடையாது. அதில் எண், எடை, தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். பத்து வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். நன்றாகவும் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குத் திரவ நைட்ரஜன் வந்தது. மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியைத் திறந்து குப்பிகளைச் சரிபார்த்தேன். நாற்பதும் இருந்தன.

இதை யாரும் படிக்கக் கூடாது. படித்துத் தொலைத்தால் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். கஞ்சாவில் இருக்கும் சரக்குக்கு நம் உடம்புக்குள்ளேயே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். பெயர் ஆனந்தமைடு. ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து எடுத்து வைத்த பெயராம். வைத்தவருக்கு நிச்சயம் கருக்குழாய் இருந்திருக்காது. கரு உண்டானதும் கருக்குழாய் வழியாக நான்கைந்து நாள் பயணம் செய்து கருப்பைக்குப் போய்ச் சேர வேண்டும். குழாய்தான் அதை மெல்லத் தள்ளிவிடும். அந்த நேரத்தில் குழாயில் ஆனந்தமைடு அளவாக இருக்க வேண்டும். அளவு தவறினால் தள்ளுவது நின்று, கரு பாதி வழியிலேயே தங்கிவிடுகிறதோ என்பது எங்கள் டாக்டர் மெஹருன்னிசா மேடத்தின் சந்தேகம். டியூப் கர்ப்பம் என்று ஆபரேஷனுக்கு வந்தவர்களின் குழாயிலிருந்து இருபது துண்டு. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களின் குழாயிலிருந்து இருபது துண்டு. இரண்டிலும் அளந்து பார்க்க வேண்டும்.

வெட்டிய துண்டிலும் ஆனந்தமைடு ஊறிக்கொண்டே இருக்கும். ஆகவே தியேட்டர் வாசலிலேயே நைட்ரஜன் குடுவையோடு நின்று, ஒரு நிமிடத்துக்குள் உறைய வைக்க வேண்டும். அதற்காகவே எனக்குச் சம்பளம்.

பதினேழாம் எண் மேல் வரிசையில், இடமிருந்து இரண்டாவது. அந்த ஒரு குப்பியில் மட்டும் எழுத்து என்னுடையது அல்ல. மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

பிறந்திருந்தால் இன்றோடு ஆறு மாதம். குப்புற விழுந்து முடித்து, உட்காரப் பழகியிருக்கும்.

இட்லி மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜூன் 12, புதன்

நாற்பதையும் எடை பார்த்து முடித்தேன். உருகவிடாமல் பார்ப்பது பெரிய வேலை. ஒவ்வொரு குப்பிக்கும் இருபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனைக்கு அறுபது மில்லிகிராம் வேண்டும். மூன்று தடவை அளக்க வேண்டும் என்பதால் மிச்சம் எதுவும் தேறாது. அரைத்துக் கரைத்து இயந்திரத்தில் செலுத்தினால் ஆள் போன இடம் தெரியாது.

முப்பத்தொன்பது குப்பிகளுக்கு எடை எழுதினேன். பதினேழுக்கு நேராக 'அளவு போதாது' என்று எழுதினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

மேடம் பதிவேட்டைப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"பதினேழு போதாதா?"

"போதாதுங்க மேடம்."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"சரி. பத்தொன்பதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு கேஸ் வரட்டும். யுனிவர்சிட்டியில மெஷின் நமக்கு ஆகஸ்ட் ஆறு, ஏழு. ஜூலைக் கடைசி வரைக்கும் பார்ப்போம்."

"சரிங்க மேடம்."

எனக்கு உயிர் வந்தது. அதை இங்கேதான் எழுத முடியும்.

ஜூன் 20, வியாழன்

அத்தை போன் செய்தார். என் வீட்டுக்காரரின் அம்மா. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வாரம் ஒருமுறை பேசுவார். மஞ்சள் விலை, மாட்டுக்குச் சினை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் முடிந்து, கடைசியில் எப்போதும் போல அங்கே வந்து நின்றார்.

"நாஞ் சொல்றன்னு கோவிச்சுக்காத அம்மிணி. அந்த வண்டியில குலுங்கிக் குலுங்கிப் போனதுதான். என்ற பேச்சை யாரு கேட்டீங்க? இனியாவது பஸ்ஸுல போ."

"வண்டி எடுத்து ஒரு வருசமாச்சுங்க அத்தை."

"அதான் சொல்றேன், எடுக்காத."

நல்ல மனுஷிதான். எனக்காக வெள்ளிக்கிழமை சோறு உண்பதில்லை. ஆனால் போனை வைத்த பிறகு நான் அவிநாசி ரோட்டின் வேகத்தடைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிடுவேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு. வண்டி காரணமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

ஸ்கூட்டர் கீழே பார்க்கிங்கில் உறை போட்டு நிற்கிறது. மாமா, அதாவது என் வீட்டுக்காரர் பூபதி, தினமும் தன் பைக்கில் என்னை இறக்கிவிட்டுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறார். அங்கே பையன்களுக்கு லேத்தில் கடைசல் வேலை சொல்லிக்கொடுக்கிறார். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கத் தெரிந்தவர். பேச்சையும் அப்படியே அளந்துதான் விடுவார். ஸ்கூட்டரை விற்கலாம் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போடுகிறார்.

ஜூன் 27, வியாழன்

சுற்றி வளைத்தது போதும். பதினேழு என்னுடையது.

போன வருடம் ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. ஏழு வாரம். வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மாமா அன்று காலையில் மாதுளம்பழம் உரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பதினோரு மணிக்கு ஆய்வகத்தில் வலது பக்கம் சுருக்கென்றது. ஊசி குத்துவதைப் போல முதலில், பிறகு தோள்பட்டைக்கு ஏறியது. தோள்பட்டை வலி என்றால் வயிற்றுக்குள் ரத்தம் என்று நான் பத்து வருடமாகக் கேட்ட விஷயம். எனக்கு வரும்போது தூக்கம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். டீ குடிக்கப் போன இடத்தில் விழுந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பை காலி. குழாயில் இருந்தது.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "சிஸ்டர், நைட்ரஜன் குடுவை மூணாவது ஷெல்ஃப்ல இருக்கு" என்றேன். பழக்கதோஷம். ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நானே டைப் செய்த படிவம். நாலாவது வரியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதையும் திருத்தினேன்.

குடுவையோடு நிற்க வேண்டியவள் மேசை மேல் படுத்திருந்ததால் மேடமே வந்து நின்றிருக்கிறார். துண்டை அவரே வெட்டி, குப்பியில் போட்டு, '17' என்று எழுதியிருக்கிறார். அவருடைய ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும்.

என்ன இருக்கிறது அதில்? குழந்தை இல்லை. குழந்தை தங்கியிருந்த இடத்தில் ஒரு துண்டுக் குழாய். உளுந்து அளவு. நான் அறிவியல் படித்தவள், எனக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் அது இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தது என்பதற்கு வேறு எதுவும் இல்லை. ஸ்கேன் படத்தை மாமா எங்கோ வைத்துவிட்டார், கேட்க முடியவில்லை. அந்த விஷயத்தை அவர் 'உன்ற ஆபரேஷன்' என்றுதான் சொல்வார். அதுவும் இன்சூரன்ஸ்காரர் கேட்டபோது ஒரே ஒரு தடவை.

எடை அறுபத்தொன்று. ஒரு மில்லிகிராம் கூடவே இருந்தது. எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. புக் செய்தேன். கேஸ் எதுவும் வரவில்லை, தியேட்டரைச் சொல்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

தினமும் காலையில் தியேட்டர் பக்கம் போய் எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"சிஸ்டர், ஏதாச்சும் இருக்குதா?"

பிளெஸ்ஸி சிஸ்டர் இன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏன் கோகிலவாணி, மீன் வண்டி வந்துச்சான்னு கேக்கற மாதிரி தெனமும் வந்து கேக்கறே? வராம இருந்தா நல்லதுதானே?"

"நல்லதுதான் சிஸ்டர்."

"பின்னே?"

பின்னே என்றால் என்ன சொல்ல. ஜூலை முடிய இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் யாராவது வர வேண்டும். யாராவது என்றால் யார்? வலது பக்கமோ இடது பக்கமோ ஊசி குத்தி, தூக்கம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. இதுவரை நான் அவளுக்கு முகம் வைத்துப் பார்க்கவில்லை. வைக்காமல் இருப்பதுதான் வசதி.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. உறைபெட்டி கத்த ஆரம்பித்தது.

விதி தெளிவானது. கதவைத் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் குளிரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். நான்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆனால் என் கை கதவுப் பிடியில் இருந்தது. மைனஸ் எழுபத்தெட்டு, எழுபத்தாறு, எழுபத்துமூன்று. நெற்றியைக் கதவில் வைத்து நின்றேன். கதவு வெளியே சும்மா சில்லென்றுதான் இருந்தது. பதினொரு நிமிடம். பிறகு ஜெனரேட்டர் வந்தது.

சாயங்காலம் மாமா வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"கரண்டு போயிருச்சுங்க. நாப்பது பேரோட சாம்பிளு."

"ஒண்ணும் ஆகலயில்ல?"

"ஆகல."

ஹெல்மெட்டை என் கையில் கொடுக்காமல் அவரே என் தலையில் மாட்டி, வாரைப் போட்டுவிட்டார்.

ஜூலை 24, புதன்

ஒன்பதே முக்காலுக்குப் போன். "உன் கேஸ் வந்தாச்சு" என்றார் பிளெஸ்ஸி சிஸ்டர். என் கேஸ். குடுவையை நிரப்பிக்கொண்டு ஓடினேன். படிக்கட்டில் இறங்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொல்லவில்லை. தப்பித்தோம் என்ற சந்தோஷம்.

பெயர் துளசிமணி. இருபத்து நான்கு வயது, சோமனூர்ப் பக்கம். மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவு. குழாய் வெடிக்கவில்லை, நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன். சர்ஜரிக்கான கையெழுத்து முடிந்து, புருஷன் ரத்தம் ஏற்பாடு செய்யப் போயிருந்தான். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, காலில் இருந்த மெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வரவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து நான் கழற்றிக் கொடுத்தேன்.

பிறகு படிவத்தை எடுத்தேன். முப்பத்தொன்பது பேரிடம் சொன்னதைச் சொன்னேன். உங்கள் சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம், பெயர் எங்கும் வராது. அவள் மில்லில் வேலை செய்பவள். அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று வரிசையாகக் கேட்டாள்.

"எடுத்ததை என்ன பண்ணுவீங்க்கா?"

"குளுருல வெச்சிருப்போம்."

"அப்பறம்?"

"அப்பறம் சோதனை பண்ணுவோம் அம்மிணி."

"எப்படி?"

பொய் சொல்லியிருக்கலாம். படிவத்தில் 'பகுப்பாய்வு' என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது. "அரைச்சு, கரைச்சு, மெஷின்ல வெச்சுப் பாப்போம்" என்றேன்.

"அரைப்பீங்களா? யாரு?"

"நான்தான்."

என்னையே பார்த்தாள். "உங்களுக்குக் கொழந்தைங்க இருக்குதுங்களாக்கா?"

"இல்ல. எனக்கும் இதே மாதிரிதான் ஆச்சு. போன வருசம். இதே தியேட்டர்தான்."

இதை நான் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. அவள் முகம் இளகியது. கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். மெட்டியின் சோப்பு வழுவழுப்பு இன்னும் போகவில்லை.

"அப்ப உங்களுதையும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அரைச்சாச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"இல்ல" என்றேன்.

"ஏன்?"

நான் படிவத்தைப் பார்த்தேன். அவள் என் கையை விட்டாள். கோபமாக இல்லை, புரிந்துகொண்டவள் விடுவதைப் போல விட்டாள்.

"உங்களுத பத்திரமா வெச்சுக்கிட்டு என்னுதக் கேக்கறீங்களாக்கா?"

படிவத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் மூடி என்னிடமே கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பழக்கத்தில் நான் வாசலிலேயே நின்றேன். குடுவையிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து என் செருப்பின் மேல் இறங்கியது. பிளெஸ்ஸி சிஸ்டர் எட்டிப் பார்த்து, "சைன் பண்ணலியே, நீ ஏன் நிக்கறே? போ" என்றார்.

வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை மாதமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது துளசிமணிக்கு இது ஆக வேண்டும் என்றுதான். பெயர் தெரியாமல் வேண்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை 25, வியாழன்

மேடத்தின் அறைக்குப் போய் நின்றேன். அவர் மதியத் தொழுகை முடித்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பதினேழு அறுபத்தொண்ணு இருக்குது. நான் தப்பா எழுதிட்டேன்."

"உட்காரு."

"வேணும்னே எழுதினேன்."

"தெரியும். வெட்டினவ நானு. எவ்வளவு வெட்டினேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் கேக்கலீங்க மேடம்?"

"கேட்டா குடுத்திருப்பே. வேலைக்குப் பயந்து, எனக்குப் பயந்து. அப்படி வேண்டாம்னுதான் கேக்கல." விரிப்பை நாற்காலி மேல் வைத்தார். "இப்பவும் வேண்டாம்னா விட்டுரு. பத்தொன்பதுன்னே எழுதிக்கலாம். நாலு பேர் திட்டுவாங்க, திட்டட்டும். ஆனா பதிவேட்டில பொய் இருக்கக் கூடாது. 'தரப்படவில்லை'ன்னு திருத்திரு."

மனசுக்குள் ஒரு வருடமாக இருந்ததைக் கேட்டுவிட்டேன். "வண்டி ஓட்டினதால இருக்குமா மேடம்?"

"வண்டிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"பின்ன எதனால?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா எதுக்கு நாப்பது பேர்கிட்ட வாங்கி வெச்சிருக்கேன்?"

பதிவேட்டைத் திருத்தினேன். 'அளவு போதாது' என்பதை ஒரே கோட்டால் அடித்து, கையெழுத்துப் போட்டு, '61' என்று எழுதினேன். தப்பை அழிக்கக் கூடாது, அடித்தது தெரிய வேண்டும். ஆய்வக விதி.

ஜூலை 27, சனி

துளசிமணி வீட்டுக்குப் போகிறாள். லிஃப்ட் பக்கம் பார்த்தேன். புருஷன் கையில் பை, ஃபைல், மெட்டி போட்ட காகிதப் பொட்டலம்.

"திங்கக்கிழமை பண்றேன் அம்மிணி" என்றேன்.

புருஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க்கா. ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். அது நான் சொல்ல வேண்டியது.

ஜூலை 28, ஞாயிறு

மாமா கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"மாமா, ஆபரேஷன்ல எடுத்ததுல ஒரு துண்டு இன்னும் இருக்குதுங்க. எங்க லேப்ல. நாளைக்கு அரைக்கணும்."

துணி ஹெட்லைட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. பேச மாட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"எத்தன நாளா இருக்குது?"

"அன்னியிலிருந்து."

"அங்க ரொம்பக் குளுருமா?"

"மைனஸ் எண்பது."

துணியைப் பிழிந்தார். அதில் பிழிய ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பர்ஸைக் கொண்டுவந்தார். லைசென்ஸுக்குப் பின்னால், நாலாக மடித்து, ஸ்கேன் படம். மடிப்பு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. எத்தனையோ தடவை பிரித்திருக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொன்றை ஒளித்து வைத்திருந்தோம்.

"நாளைக்கு நானும் வாரன். லீவு சொல்லிர்றேன்" என்றார்.

ஜூலை 29, திங்கள்

வெளி ஆட்களை ஆய்வகத்துக்குள் விட முடியாது. மாமா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். பெஞ்ச் இருந்தது, உட்காரவில்லை.

இருபதையும் வரிசையாகச் செய்ய வேண்டும். பதினாறு வரை கை தன்பாட்டுக்கு ஓடியது. பீங்கான் கலுவத்தில், மருந்து அரைக்கிற சின்ன உரலில், நைட்ரஜனை ஊற்ற வேண்டும், அது கொதித்து அடங்கியதும் துண்டைப் போட வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு அரைக்க வேண்டும்.

பதினேழை எடுத்தேன். உறைபனியைக் கட்டை விரலால் துடைத்ததும் மேடத்தின் கோடு போட்ட ஏழு தெரிந்தது. குப்பியைத் தட்டினேன். சின்னச் சத்தத்தோடு கலுவத்தில் விழுந்தது. இளஞ்சிவப்பு. ஒரு வருடம் மூன்று மாதமாக இருக்கும் இடம் மட்டும் தெரியும், எடை பார்த்ததும் குப்பியோடுதான். இன்றுதான் பார்க்கிறேன். இருபது விநாடி விதியை மீறினேன். முப்பது இருக்கலாம்.

முதல் அழுத்தத்தில் இரண்டாக உடைந்தது. பிறகு பொடியானது. கடைசியில் மாவு போல, நிறமே இல்லாமல். ஒரு துளிகூடச் சிந்தாமல் கரைசலில் சேர்த்தேன். கலுவத்தை மூன்று தடவை கரைசலால் அலசி அதையும் சேர்த்தேன். மற்றவர்களுக்கும் மூன்று தடவைதான்.

பதினெட்டைத் தொடங்குமுன் கதவைப் பார்த்தேன். மாமா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு இருபது வரை முடித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

அத்தை போன் செய்தார். வண்டி விஷயம் வருமுன்பே மாமா போனை என்னிடமிருந்து வாங்கினார். "அம்மா, வண்டியினால இல்லீங்கம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க. இனி அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார். அத்தை எலுமிச்சைச் சோறு செய்தீர்களா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டு நாளும் பல்கலைக்கழகத்தில். இயந்திரம் ஓடியது. ஒரு குப்பிக்கு ஒன்பது நிமிடம். எல்லோருக்கும் ஒன்பதுதான்.

ஆகஸ்ட் 10, சனி

மேடம் வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தார். இடது பக்கம் இருபது புள்ளிகள், குழந்தை பெற்று முடித்தவர்கள். கீழே கூட்டமாக. வலது பக்கம் எங்களுடைய இருபது. மேலே, கொஞ்சம் சிதறலாக. ஆனந்தமைடு எங்கள் பக்கம்தான் அதிகம். மேடத்தின் சந்தேகம் சரி.

"அப்ப அதனாலதான் நின்னுச்சுங்களா மேடம்?"

"அதிகமா இருந்ததால கரு நின்னுதா, நின்னதால அதிகமாச்சான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது கோகிலா. இன்னும் நிறையப் பார்க்கணும்." அதைச் சொல்ல அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. காலிக் குப்பிகள் இருபதையும் நானே கழிவுப் பைக்குள் போட்டேன். எதையும் எடுத்து வைக்கவில்லை.

நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். என்னுடையது எல்லாவற்றுக்கும் மேலே தனியாக நிற்கும், அதைப் பார்த்தால் எனக்கு மட்டும் ஏன் என்று தெரிந்துவிடும் என்று. பட்டியலில் பார்த்தேன். பதினேழு, மேலிருந்து பதினொன்றாவது. நட்ட நடுவில், இரண்டு பேருக்கு இடையில், ஒருவர்மேல் ஒருவர் படுகிற மாதிரி. பதினாறும் நான்கும். பதினாறு, பல்லடத்து டீச்சர். நான்கு, யாரென்று நினைவில்லை. இத்தனை நாள் தனியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் தவித்தேன்.

இன்று சாயங்காலம் உறையைக் கழற்றிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மாமா பின்னால் உட்கார்ந்து வந்தார். காய்கறி வாங்கினோம். வேகத்தடைகளை எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து குக்கரை வைத்துவிட்டு, அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். இது அவங்க, இது நாங்க என்று விளக்கினேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு, பையன்களின் வேலையைப் பார்ப்பதைப் போலக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல நம்மளுது எது?" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. புள்ளியைக் காட்டினேன். ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்தார். விரல் பெரியது. பக்கத்திலிருந்த இரண்டு புள்ளிகளும் அதற்குள் மறைந்துவிட்டன.

குக்கர் மூன்று விசில் அடித்தது. அவர் விரலை எடுக்கவில்லை. நாலாவதும் அடித்தது. பருப்பு குழைந்துவிடும் என்று தெரிந்தும் நான் எழுந்து போகவில்லை.